வளர்த்தி பார்த்து வாங்கிய வண்டி



பெருநாளுக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கையில் ஓர் அளவு கூட்டியே எடுப்பது நம் வீடுகளின் வழக்கம். வளரும் பிள்ளைதானே, அடுத்த பெருநாளுக்கும் ஆகும். அதே கணக்கில் நாம் ஒரு டர்ட் பைக்கும் வாங்கினோம்.

வளைகுடாவில் பணிபுரியும் மச்சான் தம் எட்டு வயது மகனுக்காகப் பணம் அனுப்பியிருந்தார். "கொஞ்சம் பெரிதாகவே பாருங்கள், நாலு வருடம் ஓட்டட்டும்" என்றார். மதரஸாவில் ஃபிக்ஹு நடத்தும் நமக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்? 110 சிசி பழைய வண்டியொன்று மலிவாகக் கிடைத்தது. வாங்கிவிட்டோம்.

அஸருக்குப் பின் வேனில் ஏற்றிக் கருக்களாச்சேரிக் கடற்கரைக்குக் கொண்டுசென்றோம். மணல்தானே, விழுந்தாலும் அடிபடாது என்பது நம் எண்ணம். அந்த மணல் மீனவர்கள் வலை காயவைத்துப் பழுது பார்க்கும் இடம் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. இருக்கையில் அமர்ந்த பிள்ளைக்குக் கால்விரல் நுனி மட்டுமே தரையில் பட்டது. நிறுத்த முயன்றபோது வண்டி ஒருபுறம் சாய்ந்தது. அச்சத்தில் கைப்பிடியை இன்னும் முறுக்கிவிட்டான். விரித்திருந்த வலைக்குள் பாய்ந்து, செயினில் நைலான் சுற்றிக்கொள்ள வண்டி கவிழ்ந்தது.

வலையின் உரிமையாளரான பெரியவர் ஓடி வந்தார். வசைக்கு ஆயத்தமாக நின்றோம். அவரோ பிள்ளையைத் தூக்கி, முழங்காலைத் தடவிப் பார்த்தார். "வலைய அறுத்துக்கலாம் பாய், புள்ளைய மொதல்ல பாருங்க" என்றவர், கத்தியால் தாமே வலையை அறுத்து வண்டியை விடுவித்தார். சிறுவர் மீது பாவம் எழுதப்படாது. ஆயினும் அவர்களால் சேதமான பொருளுக்கு ஈடு உண்டு என்பது ஆண்டுதோறும் நாம் வகுப்பில் நடத்தும் பாடம். பணத்தை நீட்டினோம். நெடுநேரம் மறுத்து, நூலுக்கான தொகையை மட்டும் பெற்றுக்கொண்டார். பிள்ளையின் கண்ணைப் பார்க்க அன்றிரவு நமக்குக் கூசியது. பிழை அவனுடையதன்று.

அதன் பிறகே அளவுநாடாவை எடுத்தோம். சுவரோடு நிறுத்தி, கவட்டிலிருந்து தரைவரை அளந்தால் 57 சென்டிமீட்டர். வண்டிகளின் இருக்கை உயரமோ வெவ்வேறு: யமஹா பிடபிள்யூ50க்கு ஏறத்தாழ 48, ஹோண்டா சிஆர்எஃப்50எஃப்க்கு 55, சிஆர்எஃப்110எஃப்க்கு 66 சென்டிமீட்டர். நாம் வாங்கியதும் அந்தக் கடைசி உயரமே. கற்கும் பிள்ளைக்கு இரு பாதங்களும் தரையில் பதிய வேண்டும்; சிசியும் விலையும் அதன் பின்னரே. அண்மையில் ஹீரோவின் விடா கொண்டுவந்துள்ள சிறுவர் மின்வண்டியில் பிள்ளை வளர வளர மூன்று அளவுகளாக உயர்த்திக்கொள்ளலாம்; வேக எல்லையைப் பெற்றோர் கைப்பேசியிலேயே வகுக்கலாம். நம் வரவுக்கு அது எட்டவில்லை. கிளட்ச் பிடிக்கத் தேவையில்லாத, 55 சென்டிமீட்டர் உயரமுள்ள பழைய 50 சிசி வண்டியொன்றைத் தேடிப் பிடித்தோம்.

ஓட்டுவது நிரவியில் உறவினர் ஒருவரின் தரிசு நிலத்தில் மட்டும், அவருடைய அனுமதியோடு. சாலையில் ஒரு கஜம்கூட இல்லை. 50 சிசி வரையிலான வண்டிக்கே 16 வயதும் உரிமமும் வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறுவர் சாலையில் வண்டியோட்டிக் குற்றமிழைத்தால் பாதுகாவலருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. "பக்கத்துத் தெருதானே" என்போர் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

கைப்பிடியில் வேகத்தை அடக்கும் சிறு திருகாணி ஒன்று இருக்கிறது. கோடு கிழித்து, அந்தக் கோட்டில் தடுமாறாமல் நிறுத்திக் காட்டினால் அதை அரைச் சுற்றுத் தளர்த்துவோம். நாம் செய்த முதல் மேம்பாடு அதுதான். அடுத்தது எஞ்சின் அன்று, புதிய ஹெல்மெட். அதிலும் மச்சான் தொலைபேசியில் "ஒரு சைஸ் கூட்டி..." என்று தொடங்கினார். தளர்ந்த ஹெல்மெட் விழும்போது தலையில் நிற்காது என்று சொல்லி நிறுத்தினோம்.

பெரிய வண்டியை விற்கவில்லை. கொல்லையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. மாதம் ஒருமுறை பிள்ளை தார்ப்பாயை விலக்கி ஏறி அமர்வான். நாம் குனிந்து குதிகாலுக்கும் தரைக்கும் இடையே விரல் வைத்துப் பார்ப்போம்.

"எத்தனை மாமா?"

சென்ற வாரம் மூன்று விரல்.