வீட்டுக்கு பாட்டு செட் வாங்கப் போறீங்களா?

வாழைத்தார் வெட்டி காசு கைக்கு வந்ததும் மேலூர் பக்கம் பல வீடுகள்ல கிளம்புற பேச்சு, "நல்லதா ஒரு பாட்டு செட் போடணும்"ங்கிறதுதான். இந்த வருசம் எங்க வீட்டுலயும் அதே பேச்சு. தம்பி மகனுக்கு சுவர் அதிரணும். அம்மாவுக்கு வயசு எழுபத்தெட்டு, காது கொஞ்சம் மந்தம். திருச்சி வானொலியில பேசுறது வார்த்தை வார்த்தையா விளங்கினா போதும். காசு ஒண்ணு, ஆசை ரெண்டு.

நான் அம்மா பக்கம். 1939ல ஆரம்பிச்ச நிலையம் அது. 1960கள்ல ஏடிடி 27 நெல்லைப் பத்தி டெல்டா விவசாயிகளுக்குச் சொன்னதே அந்த ரேடியோதான். சனங்க அதுக்கு 'ரேடியோ நெல்'லுன்னே பேர் வச்சாங்க. அதனால பேச்சு தெளிவா கேக்குற மாதிரி செட் போடுறதுன்னு முடிவு. சப்வூஃபர் அடுத்த தார் வெட்டுக்கு.

இனி விசயத்துக்கு வருவோம்.

அட்டைப்பெட்டியில 10,000 வாட்ஸ்னு போட்டிருந்தா மயங்காதீங்க. அது பிஎம்பிஓ கணக்கு, விளம்பரத்துக்குத்தான் உதவும். ஆர்எம்எஸ் எவ்வளவுன்னு கேளுங்க. சாதாரண கூடத்துக்கு ஒரு ஸ்பீக்கருக்கு 20, 30 வாட்ஸ் தாராளம். வாட்ஸை ரெண்டு மடங்காக்கினாலும் கூடுறது 3 டெசிபல்தான்.

அடுத்தது ஓம். 8 ஓம் ஸ்பீக்கர் ரெண்டை ஒரே சேனல்ல பேரலலா கோத்தா 4 ஓம் ஆயிடும். 8 ஓமுக்குன்னே செஞ்ச ஆம்ப்ளிஃபயர் அதைத் தாங்காம சூடேறும், ஐசி போகும். வீட்டுல கிடக்குற பழைய ஸ்பீக்கரை சேர்க்கிறவங்க பின்னாடி எழுதியிருக்கிறதைப் பார்த்துட்டு சேருங்க.

ரெண்டு ஸ்பீக்கர்ல ஒண்ணுக்கு மட்டும் பிளஸ், மைனஸ் மாறிப் போனா எதுவும் கெடாது. ஆனா தவில் சத்தம் வத்திப்போன கிணறு மாதிரி ஆயிடும். ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுக்கும், அதான் காரணம்.

ஸ்பீக்கரை மூலையில திணிக்காதீங்க, பேச்சு குடத்துக்குள்ள கேக்குற மாதிரி மொத்தும். உக்காந்தா காது இருக்கிற உயரத்துக்கு வைங்க. ரெண்டு ஸ்பீக்கரும் நீங்களும் முக்கோணமா அமையணும். வெறும் தரை, வெறும் சுவர்னா எதிரொலிக்கும். ஒரு பாய், ஒரு திரைச்சீலை போட்டாலே பாதி சரியாகும்.

936 கிலோஹெர்ட்ஸ்ல இரைச்சல் வந்தா உடனே ரேடியோவைக் குறை சொல்லாதீங்க. பக்கத்துல இருக்கிற எல்இடி பல்பையும் செல்போன் சார்ஜரையும் அணைச்சுப் பாருங்க. பெட்டியை அப்படியே கொஞ்சம் திருப்பி வச்சாலும் தெளிவாகும்.

கடைசியா ஒண்ணு. கடையில எதையும் சத்தமா போட்டுத்தான் காட்டுவாங்க. குறைச்சு வச்சு, பாட்டு இல்லாம ஒரு பேச்சைப் போடச் சொல்லுங்க. முடிஞ்சா வீட்டுப் பெரியவங்களையும் கூட்டிட்டுப் போங்க. அவங்களுக்கு விளங்கிச்சுன்னா காசைக் கொடுங்க.