லூர் போனா போகட்டும்

கண்மாய்ல ராடு, ரீல் வச்சு விரால் பிடிக்கிற தம்பிகளே, இந்தப் பதிவு உங்களுக்குத்தான். கடைசி வரைக்கும் படிங்க.

விரால் ஏன் பாசிக்குள்ளயே கிடக்குது?

அதுக்குச் செவுள் மட்டும் போதாது. அடிக்கடி மேலே வந்து காற்றைக் குடிச்சே ஆகணும். அதனால ஆகாயத்தாமரை மூடி ஆக்சிஜன் குறைந்த தண்ணியிலும் அது பிழைச்சுக்கும். மற்ற மீன் திணறுற இடம் அதுக்கு வீடு. நிழல், மறைவு, தவளை எல்லாமே அங்க கிடைக்கும்.

அங்க போட ஏற்ற லூர் ஸ்பின்னர்பெய்ட். வளைந்த கம்பியோட ஒரு முனையில் சுத்துற தகடு, மறுமுனையில் ஈயத்தலையும் முள்ளும். முள் மேல்நோக்கி இருக்கும். முன்னாடி வர்ற கம்பி கொடியைத் தள்ளிவிடும். தண்ணி கலங்கலா இருந்தாலும், தகட்டோட அதிர்வை மீன் தன் பக்கவாட்டு உணர்வுக் கோட்டால் பிடிச்சுக்கும்.

திட்டுக்கு நடுவுல எறியாதீங்க. ஓரத்தை ஒட்டி எறிங்க. ராடு நுனியைத் தூக்கி, தகடு தண்ணிக்குக் கொஞ்சம் கீழே சுத்துற வேகத்தில் இழுங்க. பாசி முடியுற இடத்தில் ஒரு நொடி தளர்த்தினா, லூர் சுத்திக்கிட்டே இறங்கும். விரால் அடிக்க நல்ல வாய்ப்பு அங்கதான்.

இவ்வளவு பார்த்தும் சில நேரம் மாட்டும். நான் பேச வந்தது அந்த நிமிஷத்தைப் பத்தி.

ராடை வளைச்சு வெடுக்குனு இழுக்காதீங்க. விடுபடுற லூர் நேரா உங்க முகத்துக்குத்தான் வரும். ராடை நேரா நீட்டி, முகத்தைத் திருப்பி, நரம்பை ஒரு குச்சியில் சுத்தி இழுங்க. விரல்ல சுத்தினா பிரெய்டு நரம்பு கத்தி மாதிரி அறுக்கும்.

கையில முள் ஏறிட்டா பிடுங்காதீங்க. நுனியில எதிர்ப்பக்கமா இருக்கிற கொக்கி சதையைக் கிழிக்கும். நரம்பை மட்டும் வெட்டிட்டு அரசு மருத்துவமனைக்கு வாங்க. மரத்துப்போக ஊசி போட்டு எடுப்போம். டெட்டனஸ் தடுப்பூசி தேவையான்னும் பார்ப்போம். கண்ணுல ஏறினா தொடவே கூடாது. அழுத்தம் படாம ஒரு பேப்பர் கப்பால மூடி உடனே கிளம்புங்க.

முக்கியமானது, லூரை எடுக்கத் தண்ணியில இறங்காதீங்க.

நம்ம புதுக்கோட்டையில கோடைக்கு மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊத்தா, கச்சாவோட முழங்கால் தண்ணியில நடந்த கண்மாய்தானேன்னு தோணும். மழைக்கு அப்புறம் அது வேற கண்மாய். வண்டல் அள்ளின பள்ளம் பாசிக்கு அடியில தெரியாது. கால் சேத்துல புதையும். கொடி சுத்தும். உதற உதற இறுகும்.

மூழ்கினவங்களை அவசரப் பிரிவுக்குத் தூக்கிட்டு வர்றவங்ககிட்ட நான் கேட்கிற வார்த்தை ஒண்ணுதான்: "நல்லா நீச்சல் தெரியும் சார்."

பாசிக்குள்ள நீச்சல் உதவாது தம்பி.

யாராவது மாட்டிக்கிட்டா பின்னாலயே குதிக்காதீங்க. கயிறு, கம்பு, வேட்டி எதையாவது நீட்டுங்க. வெளியே எடுத்ததும் வயித்தை அமுக்குறது, தலைகீழாத் தூக்கிச் சுத்துறது எல்லாம் வேண்டாம். மூச்சு இல்லைன்னா வாயோடு வாய் வச்சு ஐந்து முறை ஊதுங்க. அப்புறம் நெஞ்சில் 30 அழுத்தம், 2 ஊதல். 108 வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க.

லூர் சில நூறு ரூபாய். நரம்பை அறுத்துவிட்டு வீட்டுக்குப் போங்க. வீட்டுல விராலுக்காக யாரும் காத்திருக்கலை, உங்களுக்காகத்தான் காத்திருக்காங்க.