தகரக் கொட்டகைக்குள் ஒரு கோயில்

ஸ்காட்லாந்தின் வட முனைக்கும் அப்பால் கடலுக்குள் கிடக்கின்றன ஆர்க்னி தீவுகள். தலைநகர் கிர்க்வாலிலிருந்து தெற்கே பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் செயின்ட் மேரீஸ் என்ற சிற்றூர் வருகிறது. அங்கே நிலம் முடிந்துவிடுகிறது, சாலை முடிவதில்லை. இரு பக்கமும் கான்கிரீட் கட்டிகள் தாறுமாறாகக் குவிந்து கிடக்க, அவற்றின் தலைமேல் தார்ச்சாலை கடலைக் கடந்து எதிரே உள்ள குட்டித் தீவுக்குப் போகிறது. லாம் ஹோம் என்று அதற்குப் பெயர். புல்லும் காற்றும்தான் அங்கே அதிகம். புல்வெளியில் வெள்ளை முகப்போடு நிற்கும் சிற்றாலயத்தை இத்தாலியச் சிற்றாலயம் என்கிறார்கள்.

பஸ் ஆலயத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஆனாலும் நான் இக்கரையிலேயே இறங்கி நடந்தேன். கோயிலைக் கட்டிய கைகள் முதலில் வார்த்தது இந்தக் கட்டிகளை. அவற்றைப் பார்க்காமல் கோயிலுக்குப் போனால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

இந்தத் தீவுகள் சூழ்ந்த ஸ்காபா ஃப்ளோ என்ற உள்கடல், இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் கடற்படையின் முக்கியத் தளம். 1939 அக்டோபர் 14 அன்று பின்னிரவில், குந்தர் பிரீன் என்பவரின் தலைமையில் யு-47 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி, லாம் ஹோமுக்கு வடக்கே உள்ள குறுகிய நீர்வழியாக உள்ளே நுழைந்து ராயல் ஓக் போர்க்கப்பலை மூழ்கடித்தது. 800-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பழைய கப்பல்களை மூழ்கடித்து வழியை அடைத்து வைத்திருந்தும், இடைவெளி இருந்திருக்கிறது. கிழக்குப் பக்க வாய்களை எல்லாம் நிரந்தரமாக அடைத்துவிடும்படி வின்ஸ்டன் சர்ச்சில் உத்தரவிட்டார். ஐந்து தீவுகளை இணைக்கும் நான்கு தடுப்பணைகள் எழுந்தன. இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகின்றன.

முதலில் கம்பிக் கூண்டுகளில் பாறையை நிரப்பிக் கடலில் கொட்டினார்கள். அதன்மேல் 5 டன், 10 டன் எடையுள்ள கான்கிரீட் கட்டிகளை அடுக்கினார்கள். ஓரங்களில் கிடக்கும் 10 டன் கட்டிகள் வேண்டுமென்றே ஒழுங்கில்லாமல் போடப்பட்டவை. நேர்ச்சுவராக இருந்தால் அலை மொத்தமாக வந்து மோதும். இடுக்குகளில் புகுந்தால் அலையின் வேகம் சிதறிவிடும். நான் நடந்த அன்று காற்று பலமாக இருந்தது. இடுக்குகளில் நீர் புகுந்து வெளியேறும் ஓசை காலுக்குக் கீழே கேட்டது.

இவ்வளவு பெரிய வேலைக்கு அந்தத் தீவுகளில் ஆள் ஏது? வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலியப் போர்க்கைதிகளை 1942 தொடக்கத்தில் இங்கே கொண்டுவந்தார்கள். அந்தப் பாலைவனப் போரில் நம் ஆட்களுக்கும் பங்குண்டு. 1940 டிசம்பரில் சிடி பர்ரானியில் இத்தாலியரை முறியடித்த படைகளில் இந்திய 4-ஆம் டிவிஷனும் ஒன்று. பிடிபட்டவர்களில் பல்லாயிரம் பேர் பெங்களூர் உள்ளிட்ட இந்திய முகாம்களுக்கு வந்தார்கள். வேறு சிலருக்கு விதித்தது ஆர்க்னியின் குளிர். லாம் ஹோமில் 60-ஆம் எண் முகாம், சுமார் 550 பேர்.

வந்தவர்கள் உடனே வேலையில் இறங்கிவிடவில்லை. போர்க்கைதிகளை எதிரியின் போர்ப்பணியில் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது ஜெனீவா ஒப்பந்தம். அதைக் காட்டி வேலைநிறுத்தம் செய்தார்கள். இது தடுப்பணை இல்லை, தீவு மக்கள் போய்வரப் பாலம் என்று அதிகாரிகள் விளக்கம் சொன்ன பிறகுதான் வேலை நடந்தது. அன்று அது சாக்குதான். ஆனால் 1945 மே மாதம் முறைப்படி திறந்தபோது ஐரோப்பாவில் போர் முடிந்திருந்தது. பால் வண்டியும் பள்ளிப் பிள்ளைகளும் போகும் பாதையாகவே அது பிறகு வாழ்ந்தது.

முகாமில் தகரக் குடில்கள் மட்டும்தான். நிஸன் குடில் என்பது முதல் உலகப் போர்க்காலத்தில் பீட்டர் நிஸன் என்ற ராணுவப் பொறியாளர் வடிவமைத்தது. கூண்டு வண்டியின் கூண்டை மட்டும் கழற்றித் தரையில் வைத்தது போல நெளிதகரத்தில் அரைவட்டமாக வளைந்து நிற்கும். சில மணி நேரத்தில் பூட்டி நிறுத்திவிடலாம், கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டும் போகலாம். அழகு அதற்கு நோக்கமே இல்லை. கைதிகள் அவற்றுக்கிடையே சிமெண்ட் நடைபாதை போட்டார்கள், பூச்செடி வைத்தார்கள், பொழுதுபோக்கச் சிமெண்டிலேயே பில்லியர்ட்ஸ் மேஜை செய்தார்கள். டொமெனிகோ கியோக்கெட்டி என்ற ஓவியர் முள்கம்பியை வளைத்துச் சட்டம் கட்டி, மேலே சிமெண்ட் பூசிப் புனித ஜார்ஜ் சிலை ஒன்றைச் செய்தார். நாகத்தைக் குத்தும் அந்தச் சிலை இன்றும் ஆலயத்துக்கு எதிரே நிற்கிறது. சிறைக்கு வேலி கட்டும் கம்பி சிலைக்கு எலும்பாகியிருக்கிறது.

பூசைக்கு இடம் வேண்டும் என்று கைதிகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1943-இல் முகாம் அதிகாரி மேஜர் பக்லண்ட் சம்மதித்தார். கைதிகளோடு இருந்த குரு ஜியாகோபாட்சி அதற்காக மன்றாடியவர். நெடுக்காக ஒன்றோடொன்று சேர்த்து இரண்டு நிஸன் குடில்கள் கிடைத்தன. ஒரு முனையில் பள்ளிக்கூடம், மறுமுனையில் கோயில் என்பது முதல் ஏற்பாடு. பகலெல்லாம் அணையில் கான்கிரீட் வார்த்துவிட்டு, மாலையில் இங்கே வந்து வேலை செய்தார்கள்.

நான் உள்ளே போவதற்கு முன் கட்டடத்தை ஒரு சுற்று வந்தேன். முன்னே நின்றால் இத்தாலியக் கிராமத்துக் கோயில்: இரு தூண்கள் தாங்கும் முகமண்டபம், கூர்வளைவுச் சன்னல்கள், உச்சியில் மணிக்கூடு, வாசலுக்கு மேலே முள்முடி சூடிய இயேசுவின் முகம். பக்கவாட்டில் நாலு எட்டு வைத்தால் முகப்பின் கனம் தெரிகிறது. அதற்குப் பின்னால் அத்தனையும் நெளிதகரம், அதே ராணுவக் கொட்டகை. மறைக்க யாரும் முயலவில்லை. மறைக்கப் பொருளும் இல்லை.

முகப்பைச் சிமெண்டில் எழுப்பியவர் புருட்டாபாஸ்தா. நல்ல கொத்தனார் என்பது விளிம்புகளைப் பார்த்தாலே தெரிகிறது. கல்லில் செதுக்கினால் வேண்டாததைத் தட்டி எறியலாம். சிமெண்டில் அச்சு சரியாக இருக்க வேண்டும், கலவை இறுகுவதற்குள் கரணை வேலை முடிந்துவிட வேண்டும். குளிர்ப் பிரதேசத்தில் பூச்சு மெதுவாகத்தான் காயும், கடற்காற்று உப்பையும் கொண்டுவந்து சேர்க்கும். பகலில் டன் கணக்கில் கான்கிரீட்டோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அதன் குணம் அத்துபடியாகியிருக்கும். வாசல் மேலுள்ள இயேசுவின் முகத்தைச் செங்களிமண்ணில் செய்தவர் பென்னிசி.

உள்ளே காலெடுத்து வைத்ததும் கை தானாகச் சுவரைத் தேடிப் போனது. செங்கல் வரிசைகள், கீழே செதுக்கிய கல் பலகைகள், மேலே வளைவு விதானத்தில் அலங்கார விளிம்புகள். தொட முடியாது, தொடவும் கூடாது. ஆனால் தொட்டால் தட்டையாகத்தான் இருக்கும். எல்லாமே ஓவியம். தகரத்துக்கு உட்பக்கம் பிளாஸ்டர் பலகைகளை அடித்து, அவற்றின்மேல் செங்கலையும் கல்லையும் வரைந்திருக்கிறார் கியோக்கெட்டி. ஒவ்வொரு செங்கலுக்கும் ஒளி விழும் விளிம்பு, நிழல் விழும் விளிம்பு என்று பிரித்துத் தீட்ட வேண்டும். அதோடு இது வளைந்த சுவர். பலகையில் நேராக வரையும் கோடு வளைவில் கோணிக்கொள்ளும், நிற்பவர் கண்ணுக்கு நேராகத் தெரியுமாறு அதைத் திருத்திப் போட வேண்டும். அந்தக் கணக்கு எங்கும் பிசகவில்லை.

பீடத்துக்குப் பின்னால் மாதாவும் பாலகனும். கியோக்கெட்டி வட இத்தாலியின் டோலமைட் மலைப் பகுதியில் உள்ள மொயேனாவைச் சேர்ந்தவர். அவருடைய தாய் கொடுத்து அனுப்பிய ஒரு சிறு படத்தைப் போர்முனையிலும் சிறையிலும் பத்திரமாக வைத்திருந்தார். நிக்கோலோ பராபினோ தீட்டிய ஒலிவ மாதா ஓவியத்தின் பிரதி அது. அதைப் பார்த்துத்தான் இதைத் தீட்டினார். பாலகன் கையில் ஒலிவக் கிளை, சமாதானத்தின் அடையாளம். சுற்றிலும் உள்ள சம்மனசுகளில் ஒருவர் வாளை உறையில் இடுகிறார், இன்னொருவர் மொயேனா ஊரின் சின்னத்தை ஏந்தியிருக்கிறார். சிறையிலிருந்தவர் தன் ஊரை எழுதிவைத்த விதம் இது. இரு பக்கச் சன்னல்களிலும் அசிசி பிரான்சிஸ், சியன்னா கத்தரீன் என்ற இத்தாலியப் புனிதர்கள். பலிபீடம், கிராதிச் சுவர், தீர்த்தத் தொட்டி எல்லாம் சிமெண்ட். நற்கருணைப் பேழைக்கு மரம், உடைந்த கப்பலிலிருந்து. தொங்கும் விளக்குகள், சாப்பிட்டுப் போட்ட மாட்டிறைச்சி டின்களை வெட்டி வளைத்தவை. பீடத்தருகே தொங்கும் திரைகளை மட்டும் கைதிகளின் நலநிதியிலிருந்து பணம் போட்டு வாங்கினார்கள்.

எனக்கு நெடுநேரம் நகர மனம் வராத இடம், பீடத்துக்கு முன்னால் நிற்கும் இரும்புத் திரை. ஜியுசெப்பே பலும்பி என்ற கொல்லர் மாதக்கணக்கில் உழைத்துச் செய்தது. இரும்பை உலையில் பழுக்கவைத்து அடித்து, சுருள் சுருளாக வளைத்துக் கோத்திருக்கிறார். நிறையப் பட்டறைகளில் சுருளை அச்சில் வைத்து வளைப்பார்கள், எல்லாம் ஒன்றுபோல விழும். இங்கே கையின் போக்கு தெரிகிறது. இரண்டு கதவுகளும் சந்திக்கும் இடத்தில் தரையில் பதித்த நிறுத்தி ஒன்று இதய வடிவில் இருக்கிறது. பலும்பி ஆர்க்னிப் பெண் ஒருவரை நேசித்தார், ஊரில் மனைவி இருந்ததால் பிரிந்தார், போகும்போது இதை விட்டுச் சென்றார் என்பது இங்கே சொல்லும் கதை. உண்மையோ புனைவோ, அந்தச் சிறிய இரும்புத் துண்டை வருபவர்கள் எல்லாரும் குனிந்து பார்க்கிறார்கள். நானும் குனிந்தேன். என் கண் போனது அதன் பொருத்தத்தின் மேல். கதவு அதில் வந்து முட்டி நிற்கிறது, ஆட்டமில்லை.

1944 செப்டம்பரில் கைதிகளை இங்கிருந்து கொண்டுபோனபோது, தீர்த்தத் தொட்டி வேலை முடியவில்லை என்று கியோக்கெட்டி மட்டும் சில காலம் தங்கினார். விடுதலையைத் தள்ளிவைத்தார் என்று சொல்லிவிட முடியாது, மற்றவர்கள் போனதும் இன்னொரு முகாமுக்குத்தான். ஆனால் எடுத்த வேலையை அரைகுறையாக விட்டுப் போக மனமில்லாத தொழிலாளி ஒருவரை அங்கே பார்க்கலாம். லாம் ஹோமின் நில உரிமையாளர் இதைப் பாதுகாப்பதாக வாக்குக் கொடுத்தார். முகாம் இடிக்கப்பட்டது. ஆலயமும் ஜார்ஜ் சிலையும் மிஞ்சின.

மிஞ்சியதைக் காப்பது வேறு கதை. தகரத்துக்கு வெளியே குளிர், உள்ளே மூச்சுக்காற்று. ஈரம் உள்பக்கம் வியர்வையாகக் கோத்துப் பலகையையும் வண்ணத்தையும் அரிக்கும். 1958-இல் ஊர்க்காரர்கள் பராமரிப்புக் குழு அமைத்தார்கள். 1960-இல் கியோக்கெட்டியை வரவழைத்தார்கள். மூன்று வாரம் தங்கி, தன் ஓவியத்தைத் தானே செப்பனிட்டார். போகும்போது, இனி இந்த ஆலயம் உங்களுடையது, காப்பாற்றுங்கள் என்ற பொருளில் ஆர்க்னி மக்களுக்குக் கடிதம் எழுதி வைத்தார். 1964-இல் மனைவியோடு வந்தார், மரத்தில் செய்த சிலுவைப்பாதை நிலைகள் பதினான்கைக் கொடுத்தார். அவற்றில் மூன்று 2014-இல் திருடு போயின. அவர் 1999-இல் மறைந்தார். ஆர்க்னியில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்ல. ஆனாலும் கூரைக்கு வர்ணம் பூசுவதும் கதவைத் திறந்து வைப்பதும் அவர்கள்தான். கோடை மாதங்களில் இங்கே பூசையும் நடக்கிறது.

ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மையார் ஒருவர் வாசலருகே உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் பெரும்பாலும் என்ன கேட்பார்கள் என்று விசாரித்தேன். "இதய வடிவ இரும்பைத்தான் கேட்பார்கள்" என்று சிரித்தார். "கட்டிய கொத்தனாரைப் பற்றி?" என்றேன். "அதைக் கேட்பவர்கள் கொஞ்சம்தான். ஆனால் கேட்டால் பேர் சொல்ல முடியும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் இந்தச் சிற்றாலயத்தின் பெருமை என்று நான் நினைக்கிறேன். நம்பிக்கை செய்த அதிசயம் என்று இதைச் சொல்வது வழக்கம். நம்பிக்கை காரணம், சந்தேகமில்லை. ஆனால் நம்பிக்கை மட்டும் அச்சைச் சரியாகப் பூட்டாது, வளைந்த சுவரில் நேர்க்கோடு இழுக்காது. கட்டளைக்கு வார்த்த சிமெண்டும் விருப்பத்துக்கு வார்த்த சிமெண்டும் அடுத்தடுத்து நிற்கும் தீவு இது. கொத்தனார் யார், கொல்லர் யார், முகத்தைச் செய்தவர் யார் என்று எல்லாம் பதிந்திருக்கிறது.

நம் ஊர்க் கோயில்களுக்குத் திரும்பிப் பாருங்கள். அடிக்கல் நாட்டிய ஆயர் பெயர் கல்வெட்டில் இருக்கும், நன்கொடை கொடுத்தவர் பெயர் இருக்கும். கோபுரத்தில் ஏறிப் பூச்சு வேலை செய்தவர் பெயரைப் பெரும்பாலான இடங்களில் பங்குக் கணக்கேட்டில்கூடத் தேட வேண்டியிருக்கும். உங்கள் ஊர்க் கோயிலைக் கட்டியவர்களில் யாராவது உயிரோடு இருந்தால், இந்த வாரமே போய்ப் பேர் கேட்டு எழுதி வையுங்கள். சுவரை நாளை செப்பனிட்டுக்கொள்ளலாம், பெயர் தொலைந்தால் செப்பனிட முடியாது.