பூக்கூஜா

ஆச்சி அதை டீபாட் என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'பூக்கூஜா' என்பாள். கொழும்பு ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்த தாத்தா, வேட்டிக்குள் சுற்றித் தூத்துக்குடிக் கப்பலில் கொண்டுவந்தது. அடியில் 'மேட் இன் இங்கிலாந்து' என்ற முத்திரை மட்டும் இருக்கிறது, கம்பெனிப் பெயர் இல்லை. அமெரிக்காவின் 1890 சுங்கச் சட்டத்துக்குப் பிறகுதான் இங்கிலாந்துப் பீங்கானில் நாட்டின் பெயர் போடுவது வழக்கமானது. 'மேட் இன்' சேர்ந்தது அதற்கும் பின்னால். ஏறக்குறைய நூறு வயது இருக்கலாம்.

மூக்கு நுனியில் அரிசியளவு சில்லு போயிருக்கிறது. மூடி வேறெதனுடையதோ. கைப்பிடிக்குக் கீழே ஒரு ரோஜா பாதியில் நிற்கிறது. படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு, அதைப் பீங்கானில் ஒட்டி எடுக்கும் முறை அது. ஓரங்கள் சேரும் இடத்தில் பூ பொருந்தவில்லை. வண்ணம் கையால் நிரப்பியது. ஓர் இலையில் பச்சை கோட்டைத் தாண்டிவிட்டது. இங்கிலாந்தின் பீங்கான் ஊர்களில் இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அன்னைக்கு அந்தப் பொண்ணுக்கு என்ன அவசரமோ!

இப்படி இடைவெளி விடாமல் பூ நிரப்பும் பாணிக்கு அங்கே 'சின்ட்ஸ்' என்று பெயர். நம்ம சீட்டித் துணிதான். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய பூப்போட்ட பருத்தித் துணிகள் அங்கே அப்படி விற்றன. உள்ளூர் நெசவாளர்கள் கொந்தளித்து, 1721இல் அவற்றை உடுத்துவதையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். துணிக்குத் தடை, பூவுக்குத் தடையில்லை. அது பிற்பாடு பீங்கானில் ஏறிக்கொண்டது. ஜவுளிக்கடைக்காரரான தாத்தாவுக்கு அது தெரிந்த முகமாகத்தான் பட்டிருக்கும்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் எங்கள் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டதை எல்லோரும் டிவியில் பார்த்தீர்கள். எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணி. அம்மாவின் கல்யாண ஆல்பம் கூழாகிவிட்டது. அலமாரியின் அடித்தட்டில் இருந்த கூஜா உடையவில்லை. ஆனால் நிறம் மாறிவிட்டது.

அதன் உடம்பு முழுக்க ஏற்கெனவே சிலந்திவலை மாதிரி மயிரிழை விரிசல்கள் உண்டு. உள்ளேயிருக்கும் சுட்ட மண் வருடக்கணக்கில் ஈரம் குடித்து லேசாக உப்பும். மேலே கண்ணாடி போலிருக்கும் மெருகு கூடவே விரியாது, வெடிக்கும். அந்த வெடிப்புகளில் டீக்கறை கொஞ்சம் இருந்தது. இப்போது தாமிரபரணி வண்டலும் இறங்கி, வலை முழுக்கப் பழுப்பு.

"பிளீச்சிங் பவுடர்ல ஒரு ராத்திரி ஊறப் போடுட்டி, பளிச்சுனு ஆயிரும்" என்றாள் அம்மா. வெள்ளத்துக்குப் பிறகு அது வீட்டில் மூட்டையாகக் கிடந்தது. ஆனால் பிளீச் விரிசல் வழியே மண்ணுக்குள் போய் உப்பாகத் தங்கிவிடும். காயும்போது அந்த உப்பு உறைந்து மெருகைச் செதில் செதிலாகத் தள்ளும். பீங்கான் செப்பனிடுகிறவர்கள் கறையெடுக்க ஹைட்ரஜன் பெராக்சைடுதான் பயன்படுத்துவார்கள். அதையும் வாங்கிவந்தேன். பாட்டிலைத் திறக்கத்தான் மனசு வரவில்லை.

காரைக்குடியில் பழம்பொருள் விற்கும் ஒருவருக்குப் போட்டோ அனுப்பினேன். "கண்டிஷன் சரியில்லை, மூடியும் ஜோடி இல்லை" என்று பதில் வந்தது. விலைக்கணக்கில் அது நியாயம்தான்.

அம்மாவுக்கு விலை பெரிதில்லை. "அந்தத் தண்ணி நெறத்த தெனமும் பாக்கணுமா? ஒண்ணு வெளுக்கணும், இல்ல தூரப் போடணும்." ஆல்பம் போன பிறகு, அந்த நாலு நாளுக்கு இந்த வீட்டில் சாட்சி என்று வேறெதுவும் மிஞ்சவில்லையே என்றேன் நான். "சாட்சி எதுக்குட்டி? நாந்தான் இருக்கேன்லா" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

பழைய மெருகில் ஈயம் இருக்கலாம், விரிசலில் சாக்கடைத் தண்ணியும் ஏறியிருக்கும். எப்படியும் இனி அதில் டீ போட முடியாது. வெறும் தண்ணீரில் கழுவி மேல்தட்டில் வைத்திருக்கிறோம். அதிகம் பழுத்த பக்கத்தை அம்மா சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்கிறாள். ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் இந்தப் பக்கம் திருப்பிவிட்டு வருகிறேன்.