இருவராய் ஸ்பிதிக்கு

இமயமலைக்கு மோட்டார் சைக்கிளில் சென்று வருவது இந்நாளில் அரிய செயலன்று. கோடைதோறும் எத்தனையோ இளைஞர்கள் சென்று திரும்புகின்றனர். ஆயினும் அவர்களுள் பலர் தனியே வண்டி ஓட்டிச் செல்பவர்கள். கணவனும் மனைவியும் ஒரே வண்டியில், அதுவும் அளவான செலவில், சாலை என்று சொல்லத் தகாத சாலைகளிலே செல்ல வேண்டுமாயின் எந்த வண்டியைத் தேர்வது, அதில் எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்பவற்றைப் பற்றி எழுதுவோர் குறைவு. சங்கத்து நண்பர்கள் சிலர் இவை பற்றி எங்களை வினவியதுண்டு. சென்ற ஆண்டு ஜூன் மாத இறுதியில் நாங்கள் இருவரும் நாகபுரியிலிருந்து புறப்பட்டு, இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கைக் கண்டு வந்த அனுபவத்தைக் கொண்டு அவ்வினாக்களுக்கு இங்கே விடை கூற முற்படுகிறோம்.

வண்டியைத் தேர்ந்த விதம்

முதலில் ஒரு கொள்கையை வகுத்துக்கொண்டோம். வண்டி, பின்னால் அமர்பவருக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும் என்பதே அது. ஓட்டுபவர் பள்ளத்தைக் கண்ணால் காண்கிறார். கண்டதும் உடல் தானே அதற்கு ஆயத்தமாகிறது. பின்னால் இருப்பவருக்கோ ஒவ்வொரு குலுக்கலும் அறிவிப்பின்றி வருகிறது. அன்றியும் பின்னிருக்கை ஏறக்குறையப் பின்சக்கரத்தின் மேலேயே அமைந்திருப்பதால் அடி முழுவதும் அவருடைய முதுகெலும்பில் இறங்குகிறது. ஓட்டுபவருக்குப் பிடித்த வண்டியை வாங்கிவிட்டுப் பின்னர் மனைவியை அழைப்பது, செருப்பை வாங்கிவிட்டுக் காலைத் தேடுவது போன்றதாகும்.

இருநூறு சி.சி. வண்டிகள் எடை குறைந்தவை. தனியே செல்பவருக்குக் கரடுமுரடான தடங்களில் மிகவும் ஏற்றவை. ஆனால் உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது; எஞ்சினின் வலிமையும் அதனோடு குறைகிறது. 4,500 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு வலிமையே எஞ்சும். சமவெளியில் 18 குதிரை சக்தி தரும் எஞ்சின் அங்கே 11 தான் தரும். இருவரையும் மூட்டைகளையும் சுமந்து கணவாய் ஏற அது போதாது என்று கருதினோம். பெரிய வண்டிகளோ விலையாலும் எடையாலும் எங்களுக்கு எட்டாதவை.

ஆகவே ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வண்டியின் 411 சி.சி. வகையைத் தேர்ந்தோம். 2016-ல் வெளிவந்து, 2023-ல் 450 சி.சி. வகைக்கு இடம் விட்டு விலகிய இவ்வண்டி, இப்போது பழைய வண்டிச் சந்தையிலேயே கிடைக்கிறது. எஞ்சின் 24 குதிரை சக்திக்குச் சற்றே மிகுதியானது. அதன் இழுவிசை குறைந்த சுழற்சியிலேயே கிடைப்பதால் மெதுவாக ஏறும்போது திணறுவதில்லை. தரையிலிருந்து அடிப்பாகம் 220 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. இருக்கையின் உயரம் 800 மில்லிமீட்டரே. இந்தக் கடைசி எண்ணைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பின்னால் ஒருவர் அமர்ந்திருக்கையில் கூழாங்கற்களின் நடுவே வண்டி சாயுமானால், ஓட்டுபவரின் இரு பாதங்களும் தரையில் நன்கு ஊன்றினால் அன்றித் தாங்க முடியாது.

2020-ஆம் ஆண்டு வண்டி ஒன்றை ரூ. 1,20,000-க்கு வாங்கினோம். கார்பரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைத் தெளிக்கும் அமைப்பு இதில் உண்டு. உயரத்துக்கு ஏற்ப அளவை அதுவே குறைத்துக்கொள்கிறது. சரளைக் கல்லில் இறங்கும்போது பின்சக்கரத்து ஏ.பி.எஸ். அமைப்பை நிறுத்தி வைக்கும் வசதியும் உண்டு. பழைய வண்டி வாங்குவோர் எதை வாங்கினாலும், சட்டத்தின் வெல்டிங் இணைப்புகளையும், முன்ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவையும், சக்கரக் கம்பிகளின் இறுக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் ஒரு மெக்கானிக்குடன் சென்று பார்த்து வாங்குதல் நலம்.

செய்த மாற்றங்கள்

வண்டியின் எடை 199 கிலோ. நாங்கள் இருவரும் சேர்ந்து 125 கிலோ. இவை இரண்டையும் குறைக்க வழியில்லை. மூட்டையை மட்டுமே குறைக்க முடியும். எனவே எந்தப் பொருளைச் சேர்ப்பதானாலும் அதன் எடையை முதலில் கேட்டோம்.

இரும்புப் பெட்டிகளையும் அவற்றைத் தாங்கும் சட்டங்களையும் தவிர்த்தோம். அவை வெறுமையாகவே பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ளவை. வண்டி சாய்ந்தால் பின்னிருப்பவரின் கால் பெட்டிக்கும் தரைக்கும் நடுவே அகப்படும். கெட்டித் துணியாலான பக்கப் பைகளை, கனமான பொருள்கள் கீழும் முன்னும் வருமாறு கட்டினோம். பைகள் உட்பட மூட்டை 16 கிலோவில் நின்றது. பெட்ரோல் கேனும் எடுத்துச் செல்லவில்லை. டேங்கின் கொள்ளளவு 15 லிட்டர். இருவரோடு மலையில் லிட்டருக்கு 28 கிலோமீட்டர் கிடைத்தது. ரெக்காங் பியோவுக்கு அருகிலும், காஜாவிலும், மணாலியிலும் பங்க்குகள் உண்டு. இவற்றிடையே தூரம் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால் கேன் வேண்டாச் சுமை என்பது விளங்கும்.

அடுத்தது இருக்கை. பின்பகுதியின் உறையைப் பிரித்து, இருக்கை தைப்பவரிடம் கொடுத்து, அடர்ந்த பஞ்சு வைத்து அகலமாகத் தைத்துக்கொண்டோம். ரூ. 2,200 செலவான இந்த மாற்றமே எல்லாவற்றிலும் பயன் மிகுந்தது என்பது எங்கள் இல்லத்தரசியாரின் தீர்ப்பு. டயர்களை ஆழமான கட்டைகள் கொண்டவையாக மாற்றினோம் (ரூ. 9,000). எஞ்சினுக்கு அடியில் கனமான அலுமினியத் தகடு பொருத்தினோம் (ரூ. 3,400). பைகளுக்கு ரூ. 5,200, கைக்காப்புகளுக்கும் ஹாண்டிலை உயர்த்தும் துண்டுகளுக்கும் ரூ. 2,600, உபரி ட்யூப்கள், கிளட்ச் கம்பி, ஆக்ஸிலேட்டர் கம்பி, பஞ்சர் கருவிகள், சிறு காற்றுப் பம்பு ஆகியவற்றிற்கு ரூ. 3,100. ஆக மொத்தம் ரூ. 25,500.

எஞ்சினையும் சைலன்ஸரையும் தொடவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்தவற்றினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை செய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, ஓசை மிகுந்த சைலன்ஸர் மலை ஏற உதவாது. அந்தப் பணத்தில் இருவருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள நல்ல ஹெல்மெட், முழங்கால் காப்பு, கணுக்காலை மூடும் பூட்ஸ் ஆகியவற்றை வாங்கலாம், வாங்கினோம்.

பாதாள்கோட்டில் ஒத்திகை

முழுச் சுமையோடு ஒத்திகை பாராமல் மலைக்குப் போவது தகாது. சிந்த்வாரா மாவட்டத்தில் தாமியாவுக்கு அப்பால் பாதாள்கோட் என்னும் பள்ளத்தாக்கு இருக்கிறது. குதிரை லாடம் போன்ற வடிவில், செங்குத்தான பாறைச் சுவர்கள் சூழ, கோண்டு, பாரியா மக்களின் ஊர்களைத் தன்னுள் அடக்கிய இடம். நாகபுரியிலிருந்து இரண்டு நாள் விடுப்பில் சென்று வரலாம். அங்குள்ள மண் தடங்களில் இறங்கி ஏறுகையில் பின் ஷாக் அப்சார்பர் அடிவரை அமுங்கித் தட்டியது. அதன் ஸ்பிரிங்கை இறுக்கும் வளையத்தைச் சாவியால் திருப்பி, இருவரும் அமர்ந்த நிலையில் பின்பாகம் தன் 180 மில்லிமீட்டர் அசைவில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே அமுங்குமாறு அமைத்தோம். இதற்கு ஓர் அளவு நாடா போதும்.

மற்றொன்றையும் அங்கே பழகினோம். தோளில் ஒருமுறை தட்டினால் ‘மெல்ல’. இருமுறை தட்டினால் ‘நிறுத்துக’. முன்னிருப்பவர் கால்தாங்கியில் எழுந்து நின்றால் பின்னிருப்பவரும் சற்றே எழுந்து உடலைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். காற்றிலும் ஓசையிலும் பேச்சு எடுபடாது. இந்தத் தட்டல் எப்போதும் எடுபடும்.

ரயிலில் வண்டி

நாகபுரியிலிருந்து சண்டிகர் வரை சமவெளி. அதை வண்டியில் கடந்து உடலைக் களைப்பிப்பதில் பொருளில்லை. மோட்டார் சைக்கிளை ரயிலில் அனுப்பலாம் என்பது இடமாற்றம் பெற்ற குடும்பங்கள் அறிந்ததே. முறை இது: பெட்ரோல் டேங்க் முற்றும் காலியாக இருத்தல் வேண்டும். ஆர்.சி. புத்தகத்தின் நகலும் அடையாளச் சான்றின் நகலும் வேண்டும். பக்கக் கண்ணாடிகளைக் கழற்றிக் கைப்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு, டேங்க், கைப்பிடிகள் ஆகியவற்றுக்கு அட்டையும் வைக்கோலும் வைத்துச் சாக்குத் துணியால் கட்ட வேண்டும். சேரும் நிலையத்தின் பெயரையும் உங்கள் பெயரையும் அழியா மையால் இரண்டு இடங்களில் எழுதுங்கள். ஒன்று கிழிந்தாலும் மற்றொன்று பேசும். பயணச்சீட்டோடு லக்கேஜாகப் பதிந்தால் நீங்கள் செல்லும் ரயிலிலேயே அனுப்பலாம்; பார்சலாகப் பதிந்தால் வேறு ரயிலில் முன்பின்னாக வரக்கூடும். ஆதலால் சேரும் ஊரில் ஒரு நாள் கைவசம் இருக்கட்டும்.

மலைப்பாதை

மணாலி வழியாக ஸ்பிதிக்குத் தூரம் குறைவு. நாங்கள் சிம்லா வழியையே கொண்டோம். அவ்வழியில் உயரம் படிப்படியாகக் கூடுவதால் உடல் மெல்லிய காற்றுக்குப் பழகுகிறது. நார்க்கண்டா, கல்பா, நாக்கோ என்று மூன்று இரவுகள் தங்கினோம். கின்னௌரில் சட்லெஜ் ஆற்றின் மேலே, பாறையைக் குடைந்து அமைத்த சாலையில், தலைக்கு மேல் கற்கூரை கவிந்து நிற்க, கீழே ஆறு நூல் போலத் தெரிகிறது. காப் என்னும் இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் கலக்கிறது. அங்கிருந்து மரங்கள் விடைபெறுகின்றன. மண்ணின் நிறம் மஞ்சள், ஊதா, சாம்பல் என்று மலைக்கு மலை மாறுகிறது.

தாபோவில் கி.பி. 996-ல் நிறுவப்பெற்ற பௌத்த மடம் இருக்கிறது. வெளியே பார்த்தால் மண் சுவர்கள். உள்ளே இருளுக்குக் கண் பழகியதும் சுவரெங்கும் ஓவியங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன. ஆயிரம் ஆண்டுகளாக வழிபாடு நடக்கும் அந்த மண்டபத்தில் நாங்கள் நெடுநேரம் பேசவில்லை.

காஜா, ஸ்பிதியின் தலைமை ஊர். உயரம் ஏறக்குறைய 3,650 மீட்டர். அங்கே இரண்டு நாள் தங்கிக் கீ மடத்தையும், ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்தில் அஞ்சல் நிலையம் கொண்ட ஹிக்கிம் சிற்றூரையும் கண்டோம். ஹிக்கிமிலிருந்து ஊரில் உள்ள முதியோருக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டோம்.

பாதலில் ஓர் இரவு

காஜாவிலிருந்து லோசர் வழியாக ஏறினால் குன்சும் கணவாய். உயரம் ஏறக்குறைய 4,550 மீட்டர். வண்டி முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் நிதானமாக ஏறியது. கணவாயின் கோயிலைச் சுற்றி வண்டிகள் வலம் வருவது அங்குள்ள வழக்கம். நாங்களும் வலம் வந்தோம். மறுபுறம் இறங்கினால் சந்திரா நதிக்கரையில் பாதல். அங்கே இரண்டொரு சாப்பாட்டுக் கடைகளே உண்டு. அதற்கு அப்பால், சத்ரு வழியாகக் கிராம்பு வரை செல்லும் பாதையே இப்பயணத்தின் கடினமான பகுதி. பாதை என்பது ஆற்றின் உருண்டைக் கற்கள்தாம். பனிமலையிலிருந்து வரும் ஓடைகள் அதன் மேலேயே குறுக்கிட்டு ஓடுகின்றன.

நாங்கள் பாதலை அடைந்தபோது பிற்பகல் இரண்டு மணி. எதிரிலிருந்து வந்த லாரிக்காரர்கள், ஓடைகளில் நீர் முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டதாகக் கூறினர். காரணம் எளியது. வெயில் ஏற ஏறப் பனி உருகுகிறது. அவ்வெள்ளம் பிற்பகலில் பாதைக்கு வந்து சேர்கிறது. இரவின் குளிரில் உருகுதல் குறைந்து விடியற்காலையில் ஓடை மெலிகிறது. அன்றே கடந்தால் மணாலியில் ஒரு நாள் ஓய்வு கிடைக்கும். இளைஞர் கூட்டம் ஒன்று புறப்பட்டும் சென்றது. போவதா, இருப்பதா என்று நாங்கள் தேநீர்க் கோப்பையோடு ஆலோசித்தோம்.

“ஓய்வைத்தானே இழக்கிறோம்? அதை இங்கேயே எடுத்துக்கொள்வோமே” என்றார் எங்கள் இல்லத்தரசியார். அந்த வார்த்தையோடு ஆலோசனை முடிந்தது. பருப்பும் சோறும் உண்டு, நான்கு கம்பளிகளைப் போர்த்துக்கொண்டு உறங்கினோம்.

விடியற்காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். முந்திய நாள் முழங்காலைக் கடந்திருந்த ஓடை கணுக்காலுக்குச் சற்று மேலே ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் ஓடையிலும் முறை ஒன்றே. முதலில் கோலூன்றி நடந்து ஆழம் பார்ப்பது, பைகளைக் கழற்றுவது, பின்னிருப்பவர் நடந்தே கடப்பது, பிறகு வண்டி முதல் கியரில், வேகம் கூட்டாமலும் குறைக்காமலும் கடப்பது. நீரின் குளிர் எலும்பைத் தொட்டது. ஆயினும் வண்டி ஒருமுறையும் சாயவில்லை. இருவரோடு கடக்கக் கூடிய வண்டி எது என்று பலர் கேட்கின்றனர். ஓடையில் இருவரையும் சுமக்கும்படி எந்த வண்டியையும் கேட்கலாகாது என்பதே எங்கள் விடை. இறங்கி நடப்பதும் இப்பயணத்தில் ஒரு பகுதி.

கிராம்புவில் தார்ச்சாலை வந்தது. 2020 அக்டோபர் 3-ஆம் நாள் திறக்கப்பெற்ற, 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை வழியாக மணாலியை அடைந்தோம். சுரங்கத்தின் ஒருபுறம் வறண்ட மலை; மறுபுறம் தேவதாரு மரங்களும் மழையும்.

செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சுருக்கமாக மூன்று சொற்கள். புறப்படுமுன் கையேட்டில் உங்கள் வண்டிக்குக் குறித்துள்ள சுமை அளவைப் பார்த்து, உங்கள் இருவரின் எடையோடு ஒப்பிடுங்கள். அதற்கு மேல் மீதமிருப்பதே மூட்டைக்கு உரியது. பயணத் திட்டத்தில் ஒரு நாளையேனும் வெறுமையாக வையுங்கள். அந்த ஒரு நாள், எந்த மாற்றத்தையும் விட மிகுதியாக உங்களைக் காக்கும். வண்டி வாங்கும் நாளன்று, பின்னிருக்கையில் அமரப்போகிறவரை முதலில் அமரச் சொல்லுங்கள். அவர் முகம் மலர்ந்தால் விலை பேசுங்கள்.