மேஸ்திரியின் கேஜ்

உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன அம்பாஸிடர் காரின்மீது பால்யம் முதலே மோகம் கொண்ட என் நண்பர், தரகர் மூலம் பழைய பெட்ரோல் வண்டியொன்றை வாங்கி, வாங்கிய கையோடு ஆயிலையும் மாற்றினார். மறுநாளிலிருந்து சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஆயில் விளக்கு சிவந்து கண்சிமிட்டவே, புது ஆயிலைச் சபித்தவாறு, என்னையும் துணைக்கழைத்துக்கொண்டு சென்னைப் புதுப்பேட்டைப் பட்டறையொன்றுக்குச் சென்றார்.

அறுபதைக் கடந்த மேஸ்திரி எதையும் பிரிக்கவில்லை. அளவுக்குச்சியை உருவி, மூக்கருகே வைத்து முகர்ந்தார். பெட்ரோல் பம்பின் டயாபிரம் கிழிந்தால் பெட்ரோல் ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்துவிடுமாம். அந்த வாடை இல்லை, அளவும் சரி. பிறகு, பித்தளை வளையம் தேய்ந்து, கண்ணாடி மங்கி, ஆணியில் தொங்கிய ஆயில் பிரஷர் கேஜை எடுத்தார்.

"விளக்கை நம்பி இஞ்சினைப் பிரிக்கக் கூடாது சார், சில நேரம் ஸ்விட்சே பொய் சொல்லும்" என்றபடி, விளக்கை எரியவைக்கும் பிரஷர் ஸ்விட்சைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் கேஜின் குழாயை முடுக்கினார்.

குளிர்ந்த இஞ்சினில் முள் 60 பவுண்டைத் தாண்டியது. நண்பர் முகம் மலர்ந்தது. மேஸ்திரியோ சலனமின்றி இருபது நிமிஷம் ஓடவிட்டார். சூடேற ஏற முள் இறங்கி, ஐடிலிங்கில் 5-இல் நின்றது. 2,000 சுற்றுக்கு முடுக்கியும் 12-ஐத் தாண்டவில்லை. ஆயிரம் சுற்றுக்குப் பத்து பவுண்டாவது வேண்டும் என்பது பட்டறை வாய்ப்பாடு.

பம்ப் ஆயிலைத் தள்ள மட்டுமே செய்கிறது. கிராங்குக்கும் பேரிங்குக்கும் இடையிலுள்ள மயிரிழைச் சந்து அதை மறிப்பதால்தான் பிரஷர் உண்டாகிறது என்று விளக்க, தெருக்குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்து நாம் நீர் பீய்ச்சி விளையாடியதை அவர் நினைவூட்டினார். பேரிங் தேய்ந்தால் விரல் விலகியது போலத்தான்.

பிரஷர் அளவு மீறினால் திறந்து ஆயிலை வழியவிடும் ரிலீஃப் வால்வு இந்த இஞ்சினில் வெளியிலிருந்தே கழற்றத்தக்கது. குமிழ் நட்டைத் திருகியெடுத்தபோது, ஸ்பிரிங்கின் பின்னே இரண்டு வாஷர்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"ஸ்பிரிங்கை இறுக்க யாரோ சொருகியிருக்காங்க. குளிர்ல முள்ளை ஏத்திக் காட்டும். சூட்டுல ஒண்ணுக்கும் உதவாது. பழைய ஆயில் எப்படி இருந்துச்சு சார்?"

"பாகு மாதிரி வடிந்தது."

"கியர் ஆயில் கலந்திருப்பாங்க."

ஆக, நண்பர் சபித்த புது ஆயில் ஒரு குற்றமும் அறியாதது. விற்றவரிடமும் வாங்கியவரிடமும் கமிஷன் பெறும் தரகர், கியர் ஆயில் கலந்த வண்டியைத் தள்ளிவிட்டுச் சம்பாதித்ததைக் காட்டிலும், அந்தக் கலப்படத்தைக் கண்டுபிடிக்க அரைநாள் குனிந்து நின்றவருக்குக் கிடைப்பது சொற்பம் என்பதை எண்ணுகையில் எனக்கு வயிறெரிகிறது; எந்த வியாபார தர்மத்தில் இதற்கு இடமுண்டு?

ஆயில் சேம்பரைக் கழற்றிய படலத்தை வர்ணிக்க இயலேன்; அப்போது தேநீர்க்கடையில் இருந்தேன். திரும்பியபோது மேஸ்திரியின் உள்ளங்கையில் பிறைவடிவ பேரிங்கொன்று கிடந்தது. சாம்பல் பூச்சு தேய்ந்து, செம்பு பளிச்சிட்டது. கிராங்கின்மேல் கட்டைவிரல் நகத்தை இழுத்தார். நகம் தடுக்கி நின்றது.

"கிராங்கை அரைக்கக் கொடுக்கணும் சார். அரைச்சதுக்குத் தக்க பத்து அண்டர்சைஸ் பேரிங் கிடைக்குதான்னு பாக்கறேன்."

நண்பர் ஒன்றும் பேசாமல் அவ்விரண்டு வாஷர்களையும் கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தரகரிடம் காட்டுவதற்காம்.