வில்வண்டி

மாதம் ஒருமுறை அம்மாவைச் சிவகாசியிலிருந்து மதுரைக்கு மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன். அம்மாவுக்கு 76 வயது. முதுகெலும்பில் இரண்டு கண்ணிகள் நொறுங்கி அமிழ்ந்திருக்கின்றன. இளமையில் தரையில் அமர்ந்து தீக்குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் என்னைத் தமிழ் எம்.ஏ. வரை படிக்க வைத்தவள். ஒன்பது வருடப் பழைய சிறிய காரில் அவளைப் பின்னிருக்கையில் அமர்த்தி, திருத்தங்கல், ஆமத்தூர் வழியாக விருதுநகர் சென்று, அங்கே நான்குவழிச் சாலையைப் பிடிப்பேன். தொலைவு பெரிதல்ல. துன்பமெல்லாம் நான்குவழிச் சாலை வருவதற்கு முன்புதான்.

கரிசல் மண்ணின் குணம் எங்கள் பக்கத்தாருக்குத் தெரியும். மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் போட்ட தார்ச்சாலையும் மண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கும். பள்ளம் என்று சொல்ல முடியாத நீண்ட அலைகள் அவை. அந்த அலைகளில் என் கார் படகுபோல் ஆடியது. வளைவுகளில் ஒருபுறம் சரிந்தது. பட்டாசு ஆலைக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற பேருந்து ஒன்றுக்கு ஒதுங்கியபோது, வண்டி ஒருமுறை என் கைக்கு அடங்காமல் அலைந்தது. அன்று பயந்துபோனேன்.

பயந்த மனிதன் முதலில் செய்யும் காரியம் எதையாவது இறுக்குவது. வெளியூர்க் கடை ஒன்றில் உயரம் குறைந்த, விறைப்பான ஸ்பிரிங்குகளை மாட்டினேன். பெரிய சக்கரமும் அதற்கேற்ற மெல்லிய டயரும் சேர்த்துப் போட்டார்கள். வண்டி தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடிற்று. வளைவுகளில் எனக்குப் பதினெட்டு வயதுப் பையனின் மகிழ்ச்சி. கதவுக்கு மேலிருக்கும் கைப்பிடியை அம்மா இரு கைகளாலும் பற்றியிருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். பார்த்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் மாதப் பயணம் முடிந்து வாசலில் இறங்கும்போது சொன்னாள்: "அடுத்த மாசம் போகாட்டி என்னப்பா? மாத்திரைதான் கைவசம் இருக்கே."

அம்மா குறை சொல்லிப் பழகியவள் அல்ல. அந்த ஒரு வாக்கியம்தான் என்னை விருதுநகரில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தியது. அறுபதைக் கடந்தவர், எல்லோருக்கும் அண்ணாச்சி. காரைக் குனிந்து பார்த்தார். சக்கரத்தின் உள்புறம் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்த குழாயைத் தொட்டுக் காட்டினார்.

"ஷாக் அப்சார்பர் செத்துப் பல நாளாச்சு சார். வண்டி ஆடுனதுக்கு அதுதான் காரணம். நீங்க ஸ்பிரிங்கக் குத்தம் சொல்லி மாத்திருக்கீங்க. மருந்து கலக்குற ஊர்ல இருந்துக்கிட்டு, அதிர்ச்சிய எப்படிக் கையாளணும்னு தெரியலையே!"

எனக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. பிறகு அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். ஷாக் அப்சார்பர் என்பது பொருந்தாத பெயர். அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். ஆனால் வாங்கியதை அதற்கு வைத்துக்கொள்ளத் தெரியாது. அமுங்கியது எழும், எழுந்தது மீண்டும் அமுங்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது குழாய்க்குள்ளிருக்கும் எண்ணெய். சிறு துளைகளின் வழியே அது நெருக்கிச் செல்லும்போது அசைவு வெப்பமாகிக் கரைந்துவிடுகிறது. எண்ணெய் கசிந்துபோனால் ஸ்பிரிங்கைத் தட்டிக்கேட்க ஆளில்லை.

இதற்கு விறைப்பான ஸ்பிரிங் மருந்தாகாது. உட்கார்ந்திருக்கும் உடலை அதிகம் வருத்துவது நொடிக்கு 4 முதல் 8 முறை வரையிலான மேல்கீழ் அதிர்வு. இளகிய ஸ்பிரிங் அதில் பெரும்பகுதியை வடிகட்டிவிடும். விறைப்பானது கூடுதலாக உள்ளே விட்டுவிடும். நான் வளைவுகளில் அனுபவித்த இன்பத்தின் விலையை அம்மாவின் முதுகு கொடுத்துக்கொண்டிருந்தது.

பட்டறை பெஞ்சில் அமர்ந்திருந்தபோது வகுப்பில் நடத்திய பாடம் நினைவுக்கு வந்தது. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஒளவை, உப்பு வணிகர் வண்டிக்கடியில் கட்டிச்செல்லும் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறாள் (புறநானூறு, 102). இத்தனை ஆண்டுகளாக அதை உவமை நயமாக மட்டுமே சொல்லிவந்திருக்கிறேன். வில் இல்லாத வண்டியில் ஒவ்வோர் அடியும் நேரே அச்சில் விழும் என்பது அன்றுதான் உறைத்தது. 1804இல் இங்கிலாந்தின் ஒபதையா எலியட் குதிரை வண்டிக்கான நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். அடுக்கிய இரும்புப் பட்டைகளாலான அத்தகைய வில்தான் நம் வில்வண்டிக்கும் பெயர் தந்தது. உழுத வயலில் ஒரு கூடை முட்டையை உடையாமல் கொண்டுசெல்ல வேண்டும் என்று சொல்லி வடிவமைக்கப்பட்ட சித்ரோயன் 2சிவி கார் 1948இல் பிரான்சில் அறிமுகமானது. அதன் வில் மிக இளகியது. ஆனாலும் அது சாலையை விட்டு அகலாத வண்டி என்று பெயர் பெற்றது. சுகமும் பிடிப்பும் பகையல்ல என்பதற்கு அதுவே போதும்.

அண்ணாச்சி பழைய அளவு ஸ்பிரிங்குகளையே மீண்டும் மாட்டினார். நான்கு சக்கரங்களுக்கும் நைட்ரஜன் நிரப்பிய புதிய ஷாக் அப்சார்பர்கள். அந்த வாயுவின் அழுத்தம் எண்ணெய் நுரைக்காமல் காக்கும். நைந்துபோன ரப்பர் புஷ்களை மாற்றினார். இருபுறச் சக்கரங்களையும் இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பியைத் தடிப்பாக்கலாமா என்று கேட்டேன். "வேண்டாம் சார், ஒரு சக்கரம் குழியில விழுந்தா அடுத்த சக்கரமும் சேந்து குலுங்கும்" என்று அதன் தேய்ந்த மூட்டுகளை மட்டும் மாற்றினார். பழைய சக்கரங்களும் தடித்த டயர்களும் திரும்பின. கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி காற்று, கடைசியாக வீல் அலைன்மென்ட்.

புறப்படும்போது புதிய ஷாக் அப்சார்பர் ஒன்றை என் கையில் கொடுத்து, தண்டை அழுத்தச் சொன்னார். ஓரளவு எளிதாக உள்ளே போயிற்று. வெளியே இழுத்தேன், வர மறுத்தது.

"அடி விழும்போது கொஞ்சம் எடங்குடுக்கணும் சார். திரும்பி எந்திரிக்கிறப்பதான் புடிச்சு வைக்கணும்."

நான் செய்தது அதற்கு நேர்மாறு. அடியை வாங்கும் இடத்தை விறைக்க வைத்துவிட்டு, திரும்பும் ஆட்டத்தை அவிழ்த்து விட்டிருந்தேன்.

வளைவில் கார் இப்போதும் சற்றுச் சாய்கிறது. கடைக்காரர் மாட்டிய ஸ்பிரிங்கின் கூர்மை இதில் இல்லை. ஆனால் சாய்ந்தது சாய்ந்த இடத்தில் நிற்கிறது. மறுபுறம் போய் ஆடுவதில்லை. எதிரே பேருந்து வந்தால் ஒதுங்கிவிட்டு ஒரே அசைவில் நேராகிறது.

அடுத்த மாதம் அம்மா வந்தாள். திருமங்கலம் வருமுன்பே தூங்கிவிட்டாள். கைப்பிடி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது ஆமத்தூர் தாண்டியதும் வெளியே எட்டிப்பார்த்துக் கேட்டாள்:

"ஏப்பா, இந்த ரோட்டப் புதுசாப் போட்டுட்டாங்களா?"

இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. "ஆமாம்மா" என்றேன்.